கடைக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே ஒரு வாசகர்

படிக்க நேரமில்லை என்று அலுத்துக்கொள்வோரில் நாமும் அடக்கம். அப்படிச் சொல்லும்போதெல்லாம் சிங்கம்புணரிக்காரர் ஒருவரின் நினைவு வந்து நம்மைக் கூசச் செய்கிறது.

ப. சிங்காரம் 1920-இல் அவ்வூரில் பிறந்தார். 1938-இல் கப்பலேறி, சுமத்ராவின் மெடான் நகரில் தமிழர் கடையொன்றில் வேலைக்கமர்ந்தார். அக்காலத்துக் கடல்கடந்த கடைகளில் பெட்டியடிப் பையன்கள் உண்பதும் உறங்குவதும் கடையிலேயே. தனக்கென்று ஒரு பொழுது வாய்ப்பது அரிது. ஆயினும் அங்கிருந்த ஆண்டுகளிலேயே ஹெமிங்வேயும் தல்ஸ்தோயும் அவருக்கு வசப்பட்டனர். உலகப்போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் கண்டு, 1946-இல் ஊர் திரும்பினார்.

1947 முதல் நாற்பது ஆண்டுகள் மதுரை ‘தினத்தந்தி’யில் பணி. இருப்பிடம், ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. தனியாளுக்கு நேரத்துக்கென்ன பஞ்சம் என்று கேட்கலாம். நாமும் கேட்டதுண்டு. ஆனால் அத்தனிமை அவர் வேண்டிப் பெற்றதன்று. முதற்பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் ஒருசேர இழந்தவர் அவர்.

எழுதியவை இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959-இல் நூலாயிற்று. 1962-இல் முடித்த ‘புயலிலே ஒரு தோணி’ அச்சேற 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சங்கப்பாடல்களும் சித்தர் மொழியும் மெடான் வீதிப்பேச்சும் ஒன்றாய்க் கலந்தோடும் அந்நாவலின் ஒவ்வொரு பக்கமும் அவரது படிப்புக்குச் சாட்சி. வெளிவந்தபோது அதைப் பேசுவாரில்லை. அவரும் மூன்றாவதை எழுதவில்லை.

1997-இல் மறைந்தார். சேமித்த பணத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.