ஏட்டிலிருந்து செவிக்கு: மன்னார்க் கரையும் வாசிப்பிடர்ப்பாடும்

முத்துக்குளிப்பினாற் புகழ்பெற்ற மன்னார்க் கரைக்குத் தமிழ் அச்சு வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. 1560ஆம் ஆண்டு மன்னார்த் தீவு போர்த்துக்கேயர் வசமாயிற்று. மறு ஆண்டில் இங்கிருந்து கடிதங்கள் வரைந்த ஹென்றிக்கஸ் அடிகளாரே, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிடுவித்தார். இதற்கு முன்னர், 1554இல், லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் மறைநூலோ உரோம எழுத்திலேயே அமைந்திருந்தது. தமிழெழுத்தை அறியாதோரும் அதனை ஒலிக்கக் கூடியதாயிருந்தது. வாசிப்போரின் நிலைக்கேற்ப நூலின் வடிவம் மாறுதல் புதுவதன்று என்பதற்கு இவ்விரு நூல்களும் சான்றாகும்.

மன்னாரின் மற்றொரு மரபு செவிவழிக் கல்வியாகும். வடபாங்கு, தென்பாங்கு என வழங்கும் நாட்டுக்கூத்துகளிலும் வாசாப்புகளிலும் அண்ணாவியார் பாடிக்காட்ட, நடிப்போர் கேட்டு மனனஞ் செய்தனர். எழுத்தில் இடர்ப்பட்டவனும் இம்முறையிற் பெரும் பாட்டுத் தொகுதியைத் தன்வயப்படுத்தல் கூடும். பள்ளிக்கூடமும் பரீட்சையும் எழுத்தொன்றையே அறிவின் அளவுகோலாக்கிய பின்னர், அத்தகையோன் ‘மந்தன்’ எனப்படலானான்.

இவ்விடர்ப்பாட்டை மருத்துவ உலகம் காலந்தாழ்த்தியே உணர்ந்தது. ‘டிஸ்லெக்சியா’ என்னும் சொல்லை ஜேர்மானியரான ருடொல்ஃப் பேர்லின் ஆக்கினார். 1896இல் ஆங்கில மருத்துவர் பிறிங்கிள் மோர்கன், கூரிய அறிவிருந்தும் வாசிக்கவியலாத பதினான்கு வயதுச் சிறுவனொருவனைப் பற்றி எழுதினார். கல்வி முழுவதும் வாய்மொழியாக அமைந்திருப்பின் இவனே பள்ளியின் தலைமாணாக்கனாவான் என அவனுடைய ஆசிரியர் கருதியமையை அவர் பதிவுசெய்துள்ளார். அக்கருத்தைச் செயலாக்கும் கருவி அன்று இருக்கவில்லை.

தமிழெழுத்து ஆங்கிலத்தினும் ஒலியொழுங்கு மிக்கது. ஆயினும் அதற்கெனச் சில இடர்கள் உள. ஒகர, ஓகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்கின்றன; ல, ழ, ள ஆகியனவும் ர, ற ஆகியனவும் பேச்சில் மயங்குகின்றன; புணர்ச்சியால் சொற்கள் நீள்கின்றன. பழைய திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, எழுதியதை உரக்க ஒலித்த முறை கண், கை, செவி மூன்றையும் ஒருங்கே பயிற்றியது. வாசிப்பிடர்ப்பாடுடையோருக்கென மேனாட்டார் பின்னாளில் வகுத்த பயிற்சிகளும் இந்நெறியையே தழுவின.

1991இல் சென்னை டிஸ்லெக்சியா சங்கம் தோன்றிற்று. அதே ஆண்டு ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழும் இடம்பெற்றது. இவை தனித்தனி நிகழ்ச்சிகளே. எனினும், ஒருங்குறியில் அமைந்த பாடத்தையே கணினி உரக்க வாசித்து, வாசிக்கும் சொல்லைத் தனித்துக் காட்டவும், எழுத்தையும் வரியிடைவெளியையும் பெருப்பிக்கவும் வல்லது. 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கை, பார்வையற்றோருடன் வாசிப்பிடர்ப்பாடுடையோரையும் பயனாளராக ஏற்றது. இலங்கை 2016இல் அதில் இணைந்தது.

எனினும் உடன்படிக்கை மட்டும் போதாது. ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான பாடம் கண்ணுக்குத் தமிழாயினும் கணினிக்கு உரோம எழுத்துக் குவியலே. ஒலிக்கச் செய்யின் பொருளற்ற ஓசையே எழும். லிஸ்பன் நூலில் உரோம எழுத்து வாசிப்போருக்குத் துணையாயிற்று. இங்கோ மறைந்து நின்று தடையாகின்றது. பக்கங்களைப் படமாக மட்டும் சேமித்தாலும் இதே குறை நேரும்.

மன்னாருக்கு இது மிக முக்கியமானது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமையும், 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வும் ஒரு தலைமுறையின் பள்ளிக்காலத்தைச் சிதைத்தன. கல்வியிழப்பால் வாசிக்காதவனும் பிறவியிடரால் வாசிக்கவியலாதவனும் ஒரே வாங்கிலிருக்கையில் வேறுபாடு எளிதிற் புலப்படாது. முன்னவனுக்கு இழந்த பாடம் வேண்டும். பின்னவனுக்கு அப்பாடம் வேறு வடிவில் வேண்டும். வேறுபாடறியாது இருவரையும் ‘சோம்பேறி’ எனல் அநீதியாம்.

கூத்துக் களரியிற் செவிவழிக் கல்விக்கு மதிப்பளித்த கரை இது. அம்மதிப்பை வகுப்பறைக்கும் மீட்டல் புதுமையன்று, மரபைப் பேணுதலேயாம்.