படகுறுப்புப் பெயர் வழக்கு (திருகோணமலை)

தோணி, வள்ளம், கப்பல் ஆகியவற்றின் உறுப்புகளுக்குச் சரியான பெயர் எது என்று கடலோடிகள் தங்களுக்குள் நடத்தும் வாதமும், அதனூடே பெயர்கள் நிலைத்தும் மாறியும் வந்த வரலாறும் இக்கட்டுரையின் பொருள். இந்த வாதம் எல்லாக் கரைகளிலும் உண்டு. வழக்கமாக இதை மொழிப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள்: எது தமிழ், எது கலப்பு, எது படித்தவர் சொல், எது வாடியில் பேசும் சொல் என்று. திருகோணமலை மாவட்டத்துச் சான்றுகளை வைத்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை மொழி பற்றிய வாதங்களே அல்ல; படகு பற்றியவை. ஒருவர் சொன்ன பெயரை மற்றவர் பிழை என்று சொல்லும்போது, அவர் மனத்தில் ஓடுவது அநேகமாக வேறொரு வகைப் படகு.

இதற்கு இடமும் ஒரு காரணம். திருகோணமலையின் உள்துறைமுகம் ஆழமான இயற்கைத் துறை. பெரிய கப்பல்கள் காற்றுக்கு ஒதுங்கி நிற்கலாம். ஆகவே அதைத் தேடி வந்தவை எல்லாம் வெளியூர்க் கப்பல்கள். உள்ளூர்ப் படகுகளுக்கோ அந்த ஆழம் தேவைப்படவில்லை. கரைவலைத் தோணி மணலில் ஏற வேண்டும். தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவின் கழிமுகங்களிலும் ஓடும் சிறு தோணி, முழங்காலளவு நீரிலும் மிதக்க வேண்டும். போதாதற்கு, தென்மேற்குப் பருவம் மேற்குக் கரையைக் கொந்தளிக்க வைக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அப்போது நீர்கொழும்புப் பகுதியிலிருந்து சிங்களமும் தமிழும் பேசும் மீனவர் தங்கள் படகுகளோடு இங்கு வந்து வாடி அமைப்பது பழைய வழக்கம். வடக்கே வல்வெட்டித்துறையிலிருந்து வந்தவர்கள், உள்ளூரின் திருக்கடலூர்த் தமிழர், கிண்ணியா, மூதூர் முஸ்லிம்கள் என்று ஒரே கடலில் பலவகைப் படகுகளும், அவற்றோடு பலவகைச் சொற்களும் ஓடின. சொந்தமாக ஒரே ஒரு படகுவகை மட்டும் உள்ள ஊரில் இந்த வாதத்துக்கு இடமிருக்காது.

படகின் உடலைக் குறிக்கும் சொற்களில்தான் தமிழ் மிகவும் பழையதாகவும் உறுதியாகவும் நிற்கிறது. முன்பகுதி அணியம். அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம் ஏரா. அதிலிருந்து இருபுறமும் எழும் விலா மரங்கள் வங்கு. கப்பல் கட்டும் மரங்கள், அளவுகள், நாள் பார்த்தல் ஆகியவற்றைச் செய்யுளில் சொல்லும் 17ஆம் நூற்றாண்டுக் 'கப்பல் சாத்திரம்' 1950இல் சென்னையில் அச்சாயிற்று. தச்சர்களிடம் முறையான ஒரு சொல்லாட்சி இருந்தது என்பதற்கு அதுவே போதிய சான்று. பின்பகுதிக்கு வந்தால்தான் பிணக்கு. அகராதி பின்னணியம் என்கிறது. குமரிக் கரையிலும் மலையாளக் கரையிலும் அமரம். ஈழத்து வடகரையில் கடையார் என்றும் கேட்கலாம். மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன என்று எடுத்துக்கொண்டால் எது சரி என்ற கேள்வி எழும். ஆனால் பின்புறம் தட்டையாக வெட்டிய படகின் கடைசிப் பலகையும், இருமுனையும் கூரான தோணியின் பின்முனையும், கட்டுமரத்தில் துடுப்புக்காரன் நிற்கும் பின்னிடமும் ஒரே உறுப்பல்ல. முன்பகுதி எல்லாப் படகிலும் நீரைக் கிழிக்கிறது. அதனால் அணியம் பொதுப்பெயராக நிலைத்தது. பின்பகுதியின் வேலை படகுக்குப் படகு மாறுகிறது, பெயரும் மாறுகிறது.

பாய்க்கும் சுக்கானுக்கும் ஏறிப் போனால் மொழியே மாறிவிடும். சுக்கான் அரபுச் சொல். கப்பலோட்டியைக் குறிக்கும் மாலுமி, ஆசான் என்று பொருள்படும் அரபு முஅல்லிமிலிருந்து வந்தது. நங்கூரம் பாரசீக லங்கரோடு உறவுடையது. பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறான தாமானும் பாரசீக வழியில் வந்ததே. பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைக்கும் கலப்பற்று போர்த்துக்கேயர் தந்தது என்பார்கள். அதே சொல் அரபிலும் இருப்பதால், எந்தக் கப்பலில் ஏறி இங்கே இறங்கியது என்பது திறந்த கேள்விதான். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான், பாய் தொங்கும் பருமல் ஆகியவை இந்த அந்நியச் சொற்களின் நடுவே கூச்சமின்றிப் புழங்குகின்றன. தமிழர் சொல் வறுமையால் கடன் வாங்கினர் என்று இதை விளக்குவது எளிது, ஆனால் தவறு. உடற்பகுதி கரையில் தச்சன் பட்டறையில் உருவாகிறது. அங்கே ஒரே ஊர்க்காரர்தான் இருப்பார்கள். பாயும் சுக்கானும் கடல் நடுவே, பல கரைகளில் இருந்து வந்த ஆட்கள் ஒரே கட்டளைக்குச் சேர்ந்து இயங்க வேண்டிய இடங்கள். பொதுச்சொல் தேவைப்பட்ட இடத்தில் பொதுச்சொல் வந்தது.

ஆண்டவர்களின் செல்வாக்கு என்ற விளக்கமும் நிற்காது. கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் அதைப் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். இடையில் பலமுறை கைமாறினாலும், கடைசியாக 1795இல்தான் பிரித்தானியரிடம் இழந்தார்கள். அவர்கள் அன்று உலகின் தலைசிறந்த கடலோடிகளின் வரிசையில் இருந்தவர்கள். ஆனாலும் ஈழத்தமிழின் அன்றாடப் பேச்சில் அவர்கள் விட்டுச்சென்றவற்றில் எல்லோருக்கும் தெரிந்தவை கந்தோரும் கக்கூசும். இரண்டும் கரைக்கட்டடங்கள். கோட்டையில் கொடி ஏற்றியவர்கள் தோணியில் ஏறித் தண்டு வலிக்கவில்லை.

பெயர் வேறுபாடு பிழையல்ல என்ற இந்தப் பார்வைக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கடலில் உயிர் தங்கியிருப்பது சொல்லின் துல்லியத்தில். ஆகவே ஒரே பெயர், ஒரே தரம் வேண்டும், வழக்கு வேறுபாடுகளைப் போற்றுவது கரையில் இருப்பவர்களின் ஆடம்பரம் என்பது அந்த வாதம். பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்திய அணி திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த காலத்தில், 1844இல், கப்பலின் இடப்பக்கத்துக்கு வழங்கிய 'லார்போர்ட்' என்ற சொல்லைக் கைவிட்டு 'போர்ட்' என்று மட்டுமே சொல்ல வேண்டும் என்று கடற்படைத் தலைமை ஆணையிட்டது. வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. காற்று இரைச்சலில் லார்போர்டும் ஸ்டார்போர்டும் ஒன்றாகவே கேட்டன. சுக்கான் கட்டளை இன்னும் சிக்கலானது. பழைய முறையில் வலப்பக்கம் என்று கட்டளையிட்டால் திருப்ப வேண்டியது சுக்கான் பிடியை. பிடி வலப்பக்கம் போனால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். பிடி போய்ச் சக்கரம் வந்த பின்னும் இந்த வழக்கம் நீடித்தது. 1930களின் முற்பகுதியில்தான் பிரித்தானியக் கப்பல்களில் கட்டளையும் கப்பலும் ஒரே திசைக்கு வந்தன. இவை ஒருமைப்பாட்டுக்கான சான்றுகள்தான், மறுக்க முடியாது. ஆனால் அவை எதை மாற்றின என்று பார்க்க வேண்டும். இரண்டும் கட்டளைகள். லார்போர்ட் பிழையான சொல் என்பதால் நீக்கப்படவில்லை. காதில் குழம்பியதால் நீக்கப்பட்டது. வங்கை வங்கு என்பதா விலா என்பதா என்று யாரும் புயலில் கத்துவதில்லை. கட்டளைக்கு ஒருமை வேண்டும். உறுப்புக்கு அது கட்டாயமல்ல. லஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகளின் கட்டளைமொழியைத் தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் அகராதியாக்கியதும் இந்தக் காரணத்தால்தான்: ஆங்கிலேய அதிகாரி அந்த மொழியைக் கற்றால்தான் கப்பல் நகரும். திருத்தப்பட வேண்டியவர்கள் மாலுமிகள் என்று அவர் நினைக்கவில்லை.

வாதத்தின் மிகச் சுவையான பகுதி மேற்குக் கரையிலிருந்து வரும் ஒருவையோடு வருகிறது. ஒருவை என்பது குடைந்த மரத்தின் மேல் பலகை உயர்த்தி, ஒருபக்கம் மட்டும் மிதவைக் கட்டையைத் தொலைவில் பிணைத்த சிங்களப் பாய்ப்படகு. மிதவை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து போகும்போது மற்றப் படகுகள் அணியத்தைத் திருப்பும். ஒருவை திரும்பாது. பாயை மறுமுனைக்கு மாற்றி, சுக்கான் துடுப்பையும் எடுத்துப் போய், பின்முனையை முன்முனையாக்கிக்கொண்டு ஓடும். இந்தப் படகில் அணியம் எது? ஒரு மணி நேரத்துக்கு முன் அணியமாக இருந்தது இப்போது கடையார். இடப்பக்கம் வலப்பக்கம் என்பதற்கும் நிலையான பொருள் கிடையாது. மிதவைப் பக்கம், மற்றப் பக்கம் என்பவைதான் பொருள் தரும். தோணிக்காரர் தம் சொல்லை இதில் பொருத்தப் பார்த்தால் குழப்பம். ஒருவைக்காரர் அந்தச் சொல்லை ஏற்க மறுத்தால் அது முரட்டுத்தனமும் அல்ல. இந்த மிதவையைச் சிங்களத்தில் கொல்லாவ என்கிறார்கள். பாக்கு நீரிணையின் தமிழ்நாட்டுக் கரையிலோ கொல்லா வத்தை என்பது மிதவையில்லாத படகு: குறுக்கே நீட்டிய பலகையின் மேல் ஆட்கள் ஏறி நின்று சாய்வைச் சரிக்கட்டுவார்கள். தென்னிந்திய, இலங்கைப் படகுகளை விரிவாகப் பதிந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இரண்டையும் ஒரே குடும்பமாகக் கண்டார். சொல் யாருடையது என்று இரு மொழியாரும் உரிமை கொண்டாடலாம். சாயும் படகை நிமிர்த்தும் வேலைதான் அந்தப் பெயரில் தொடர்ந்து வந்திருக்கிறது என்பதே கவனிக்கத் தக்கது.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்தோர் இங்கே வேறொரு மறுப்பை எழுப்பலாம்: எல்லா வழக்கையும் ஏற்றுக்கொண்டே போனால் மொழிக்கு என்ன மிஞ்சும்? பதில் 1938இலேயே கிடைத்துவிட்டது. வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்க, அது அவ்வூர் மாலுமிகளோடு அட்லாண்டிக் கடந்து மாசசூசெட்ஸின் குளோஸ்டரை அடைந்தது. உடல் தமிழ்ப் பட்டறை, பாயமைப்பு ஐரோப்பியம், தலைவனுக்குப் பெயர் தண்டையல். வெள்ளையர் கப்பல்களில் அதே சொல் லஸ்கர்களின் தலைவனான சேராங்குக்குக் கீழ்ப்பட்ட பதவியைத்தான் குறித்தது. கலப்புச் சொற்களோடுதான் அந்தக் கப்பல் மிதந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கடலோடிகள் சொற்களையும் யாழ்ப்பாண வழக்கையும் தனிக் குறியிட்டு ஏற்றது பெரிய பணி. அதன் குறை எந்த மொழிச் சொல்லையும் சேர்த்ததில் இல்லை. எந்தப் படகில் அந்தச் சொல் வழங்கியது என்று சொல்லாமல் விட்டதில் இருக்கிறது.

எஞ்சினும் ஃபைபரும் வந்தபோது நடந்தது, பெயர் படகைப் பின்பற்றும் என்ற விதிக்கு நல்ல சோதனை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மரப்படகுகளை அடித்து நொறுக்கியது. பதிலுக்கு உதவி நிறுவனங்கள் கொடுத்தவற்றில் பெரும்பங்கு கண்ணாடியிழைப் படகுகள். அச்சில் வார்த்த அந்த உடலில் தனியாக ஏரா இல்லை, வங்கு இல்லை, கலப்பற்றுக்கு இடுக்கு இல்லை. பின்னால் தொங்கும் எஞ்சினே திசையையும் திருப்புவதால் சுக்கானும் இல்லை. இளைஞருக்கு இந்தச் சொற்கள் தெரியவில்லை என்றால் அதற்கு ஆங்கில மோகத்தைக் குறை சொல்வது அநியாயம், பொருளே போய்விட்டது. அணியம் மட்டும் ஃபைபரிலும் அணியமாகவே இருக்கிறது. மறுபக்கம், கட்டிய மரங்களைக் குறித்த கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகின் பெயராக 'கட்டமரான்' என்று திரும்பி வந்திருக்கிறது. பழைய கட்டுமரத்தில் இரண்டு உடல் அல்ல, ஓர் உடலே கிடையாது.

அரசாங்கம் உறுப்புகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, வகையைப் பற்றித்தான். மீன்பிடித் திணைக்களத்தின் பதிவில் எஞ்சின் இல்லாத மரபுப் படகு ஒரு வகை. அதே தோணியில் எஞ்சின் பூட்டிய அன்று அது வேறு வகை, பக்கத்தில் எழுதும் ஆங்கில எழுத்துகளும் மாற வேண்டும். கரையில் நிற்பவருக்கு அது நேற்றைய தோணிதான். இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று: முழுக்கலத்துக்கு இடும் பெயர் உறுப்பின் பெயரைப் போல விட்டுவிடக் கூடியதல்ல. களப்பைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் தட்டைக் கலத்துக்குக் கிழக்கில் பாதை என்று பெயர். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், அத்தகைய கலம் கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். செய்திகளில் அது மிதப்புப் பாதை, படகுப் பாதை, இழுவைப் படகு என்று பலவாறு எழுதப்பட்டது. பாதை என்றால் அது பாலத்துக்குப் பதில் போட்ட தெரு. படகு என்றால் எத்தனை பேர் ஏறலாம், உயிர்காப்பு அங்கி எங்கே, யார் பரிசோதித்தது என்ற கேள்விகள் உடனே வரும்.

உறுப்புப் பெயர்களை இன்று புதிதாக முடிவு செய்கிறவர்கள் ஃபைபர் ஒட்டுகிறவர்கள். தச்சனின் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள்: பழுது எங்கே என்று மீனவர் காட்ட வேண்டும், அவர்கள் அதற்கு ஒரு பெயர் சொல்லி விலை பேச வேண்டும். ரெசின், மேட் என்ற சொற்கள் அந்தப் பேரத்தில் ஏற்கெனவே நிலைத்துவிட்டன. உடலுக்கு வலுக்கூட்ட உள்ளே நீளவாக்கில் பதிக்கும் கட்டைக்குப் பழைய வங்கைப் பொருத்த முடியாது, வங்கு குறுக்கே எழுவது. அந்த உறுப்புக்கான பெயர் பட்டறைக்குப் பட்டறை வேறுபடவே செய்யும்.