செப்புக் காசைத் தரம் பிரிப்போம்



உப்புத் தண்ணியில் விதைநெல்லைப் போட்டுப் பதரை ஒதுக்குகிறோம் அல்லவா? காசையும் அப்படிப் பிரிக்கலாம். இதையே பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு. சுமார் 5 கிராம் இருந்த காலணாவை 1943-இல் நடுவே துளையிட்டு 2 கிராம் ஆக்கினார்கள். அதுதான் பெரியவர்கள் சொல்லும் ஓட்டைக் காலணா. மதிப்பு குறையவில்லை, செம்புதான் பாதிக்கு மேல் போச்சு.

1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. 1 பைசா முதலில் வெண்கலம், ஒன்றரை கிராம். 1962-இல் நிக்கல் பித்தளை. 1965-இல் அலுமினியம், முக்கால் கிராம். உலோக விலை ஏறும்; காசின் மதிப்பு ஏறாது. விட்டுவைத்தால் காசெல்லாம் உருக்குப் பட்டறைக்குப் போய்விடும்.

அமெரிக்காவிலும் 1982-இல் செப்பு சென்ட், செம்பு பூசிய துத்தநாகமாக மாறியது. அந்த ஆண்டுக் காசில் இரண்டு வகையும் உண்டு. 3.1 கிராம் என்றால் செம்பு, 2.5 என்றால் துத்தநாகம். நம் 1962 பைசாவும் இரண்டு வகைதான். நிறம் பாருங்கள்: சிவப்பு வெண்கலம், மஞ்சள் பித்தளை.

சாமல்பட்டிப் பக்கம் வீட்டுப் பரணில் பழைய காசு இருந்தால், பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். ஆண்டுவாரியாகப் பிரித்து வையுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம். சேகரிப்பவர் தரும் விலை குறைந்துவிடும். புழக்கத்தில் உள்ள காசை உருக்குவது 2011 நாணயச் சட்டப்படி குற்றம்.

பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துப் பிரியுங்கள். நாட்டு வரலாறு கையிலேயே கிடைக்கும்.