கீறிய படத்திற்கு யார் கூலி கொடுப்பது?

ஊரிலே வீடு கட்டப் புறப்பட்டவர் முதலில் ஓவசியரைத் தேடிச் செல்வார். அவர் வளவை அளந்து படம் கீறிக் கொடுப்பார். கீறியதற்கு உரிய கூலியையும் பெற்றுக்கொள்வார். அதன் பின்னரே மேசனாரும் தச்சனாரும் வளவுக்குள் காலடி வைப்பர். கீறியவருக்கு ஒரு கூலி, கட்டியவருக்கு ஒரு கூலி என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. புலம்பெயர்ந்து வந்து வாழும் இப்பிரித்தானிய மண்ணிலோ, 'மதிப்பீடு இலவசம்' என்று வாகனத்திலே எழுதி வைத்துக்கொண்டுதான் எம்மவர் கட்டடத் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது.

சென்ற மாரிகாலத்தில், ஊரில் என்னிடம் வரலாறு படித்த மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். இப்போது இலண்டனிலே கட்டட வேலைகளைக் கொந்தராத்து எடுத்துச் செய்பவர். எம்மவர் குடும்பம் ஒன்று தமது வீட்டின் கூரையடியில் அறை அமைக்க விரும்பி அவரை அழைத்திருக்கிறது. மூன்று மாலைப்பொழுதுகளைச் செலவழித்து அளந்து, படம் கீறி, மரம் இவ்வளவு, கண்ணாடி இவ்வளவு, கூலி இவ்வளவு என்று விவரமாக எழுதிக் கொடுத்தார். சில வாரங்களின் பின் அவ்வீதியால் சென்றபோது அந்த வீட்டில் வேறொருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது இவர் கீறிய படம்.

"மாஸ்ரர், காசு கேட்டிருந்தால் வாசலிலேயே மறித்திருப்பார்கள். கேளாமல் விட்டதால் இப்படி ஆயிற்று. எது சரி?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் எனது குசினியைப் பெருப்பித்தபோது நானும் இதையே செய்தவன். ஒருவர் எழுதித் தந்த கணக்கை இன்னொருவரிடம் காட்டி விலை குறைத்தேன். அதைக் கெட்டித்தனம் என்றும் எண்ணியிருந்தேன்.

வரலாறு படிப்பித்தவனிடம் கேட்ட கேள்விக்கு வரலாற்றிலேயே விடை தேடுவது முறை.

முட்டையும் குவிமாடமும்

1418 ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எவ்வாறு எழுப்புவது என்பதற்கு ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்படும் மாதிரியுருவுக்கு 200 பொன் புளோரின்கள் பரிசு. ஆக, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே சிந்தனைக்கு ஒரு விலை, கட்டுமானத்திற்கு வேறொரு விலை என்ற வேறுபாடு அங்கு உணரப்பட்டிருந்தது.

அப்போட்டியில் இறங்கிய புரூனெலெஸ்கியைப் பற்றி, அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பின் நூல் எழுதிய வசாரி ஒரு கதை சொல்கிறார். உமது மாதிரியைக் காட்டும் என்று மற்றவர்கள் வற்புறுத்தியபோது, புரூனெலெஸ்கி ஒரு முட்டையை எடுத்து, இதனைப் பளிங்குக் கல்லின் மேல் நிமிர்த்தி வைப்பவரே குவிமாடத்தைக் கட்டட்டும் என்றாராம். எவராலும் இயலவில்லை. அவரோ முட்டையின் அடியைத் தட்டி உடைத்து நிறுத்தினார். இப்படியென்றால் நாங்களும் செய்திருப்போமே என்று அவர்கள் கூறவே, எனது படத்தைக் கண்டிருந்தால் குவிமாடத்தையும் கட்டியிருப்பீர்கள் என்று விடையளித்தாராம்.

கதை உண்மையோ புனைவோ, அதனுள் இருக்கும் அச்சம் உண்மையானது. 1421 இல் பளிங்குக் கல் ஏற்றும் படகொன்றை அவர் வடிவமைத்தபோது, தமது உழைப்பின் பலனைப் பிறர் அறுவடை செய்வர் என அஞ்சி, பாதுகாப்பில்லாமல் அதனை வெளியிட மறுத்தார். புளோரன்ஸ் அரசு மூன்று ஆண்டுகளுக்கு அவருக்குத் தனியுரிமை வழங்கியது. உலகின் மிகப் பழைய கண்டுபிடிப்பு உரிமங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

எரிந்த நாடாளுமன்றம்

இங்கிலாந்தில் முற்காலத்திலே கொத்தர், தச்சர், ஓடு வேய்பவர் என ஒவ்வொரு தொழிலாளரும் தனித்தனியே வேலை செய்து, முடிந்த வேலையை அளந்து கூலி பெற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முழுக் கட்டடத்திற்கும் ஒரே தொகையை முன்கூட்டியே கூறி ஒப்பந்தம் எடுக்கும் வழக்கம் வளர்ந்தது. கேள்விப்பத்திரப் போட்டியும் அதனோடு வலுப்பெற்றது. ஒரு கட்டடத்திற்குப் பத்துப் பேர் விலை கூறுவதாயின், பத்துப் பேரும் அதே படத்தைப் பத்து முறை அளக்க வேண்டும். வேலை ஒருவருக்கே கிடைக்கும். ஒன்பது பேரின் உழைப்பு வீண்.

அவர்கள் கண்ட வழி எளியது. போட்டியிட்டோர் ஒன்றுகூடித் தம்மனைவர்க்கும் பொதுவாக ஓர் அளவையாளரை நியமித்தனர். அவர் அளந்து தந்த பட்டியலுக்கு அனைவரும் விலை போட்டனர். வேலை கிடைத்தவர் அளவையாளரின் கூலியைத் தமது தொகையினுட் சேர்த்துச் செலுத்தினார். ஈற்றில் அதனைக் கொடுத்தவர் வீட்டுக்காரரே. காலப்போக்கில் வீட்டுக்காரர் தாமே அளவையாளரை நியமிக்கும் முறை வந்தது. கணிய அளவையாளர் என்ற தொழில் இவ்வாறு உருப்பெற்றது.

1834 ஒக்ரோபர் 16 ஆந் திகதி வெஸ்ற்மின்ஸ்ரர் மாளிகை எரிந்தது. புதிய நாடாளுமன்றத்திற்கான போட்டிக்கு 97 வடிவமைப்புகள் வந்தன. 1836 இல் சார்ள்ஸ் பாரி வெற்றி பெற்றார். 96 பேரின் வடிவமைப்புகள் கட்டப்படாமலே போயின. ஆனால் வென்றவருக்கும் கூலி எளிதிற் கிட்டவில்லை. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஐந்து என்பதே கட்டடக் கலைஞரின் வழக்கமான ஊதியமாக இருந்தது. அரசோ 25,000 பவுண் என்ற நிலையான தொகையை முன்வைத்தது. 724,986 பவுண் என மதிப்பிடப்பட்ட வேலை 20 இலட்சம் பவுண்களைத் தாண்டியபோது பிணக்கு முற்றியது. நீண்ட வாதங்களின் பின்னர் 1856 இல், செலவில் நூற்றுக்கு மூன்றும், அளத்தலுக்காக நூற்றுக்கு ஒன்றும் எனத் தீர்வாயிற்று. இத்தீர்விலே அளத்தல் தனியான ஓர் உழைப்பு என ஏற்கப்பட்டமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

ஹௌன்ஸ்லோ வழக்கு

இனி எம்மவர் பலர் வாழும் பகுதியோடு தொடர்புடைய ஒரு வழக்கு. போரிலே சேதமடைந்த கட்டடம் ஒன்றைத் திருத்தி அமைக்க வில்லியம் லேசி (ஹௌன்ஸ்லோ) என்ற நிறுவனம் விலை கூறியது. வேலை உமக்கே என்ற நம்பிக்கையை உரிமையாளர் ஊட்டினார். அந்நம்பிக்கையில் நிறுவனம் மேலும் மேலும் மதிப்பீடுகளைத் தயாரித்துக் கொடுத்தது. உரிமையாளர் அவற்றைப் போர்ச்சேத இழப்பீடு பெறுவதற்குப் பயன்படுத்தினார். பின்னர் கட்டடத்தையே விற்றுவிட்டார்.

1957 இல் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இன்றும் சட்டம் பயில்வோர் படிக்கும் ஒன்று. வேலையைப் பெறும் போட்டியிற் கூறப்படும் முதல் மதிப்பீடு கட்டடக்காரரின் சொந்தப் பொறுப்பு. அதற்குக் கூலி கேட்க இயலாது. ஆனால், வேலை கிடைக்கும் என்று நம்பவைத்து, அதற்கு அப்பாலும் அவரிடம் உழைப்பைப் பெற்று, அதனால் மற்றவர் பயனும் அடைந்திருப்பின், நியாயமான கூலி கொடுத்தே ஆக வேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

எனினும் இதனை நம்பி எவரும் வாளாவிருக்கலாகாது. 1995 இன் சட்ட அறிக்கைகளில் வெளியான இன்னொரு வழக்கில், இலண்டன் துறைமுகப் பகுதி அபிவிருத்திக் கழகத்துடன் பேச்சு நடத்திய நிறுவனம் ஒன்று, வடிவமைப்பு முதலியவற்றிற்காக ஏறக்குறைய 30 இலட்சம் பவுண்களைச் செலவழித்திருந்தது. 'ஒப்பந்தம் கைச்சாத்தாகும் வரை எவரும் கட்டுப்பட்டவர் அல்லர்' என்ற நிபந்தனையின் கீழ் அப்பேச்சு நடந்தமையால் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

எல்லா மதிப்பீட்டிற்கும் காசு கேட்பின், வசதி குறைந்த குடும்பம் இரண்டு மூன்று பேரிடம் விலை விசாரிக்க முடியாது. புதிதாகத் தொழிலில் இறங்கும் இளைஞரை எவரும் வீட்டிற்குள் அழைக்கவும் மாட்டார்கள். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், இலவசம் என்பது உண்மையில் இலவசம் அன்று. கிடைக்காத ஒன்பது வேலைகளுக்கு அளந்த பொழுதின் விலையைப் பத்தாவது வீட்டுக்காரரே தம்மை அறியாமற் கொடுக்கிறார். அன்றேல், கட்டடக்காரரின் பிள்ளைகள் தந்தையைக் காணாத மாலைப்பொழுதுகளாக அது கழிகிறது.

ஆகவே, வந்து பார்த்து ஏறக்குறைய இவ்வளவு ஆகும் என்று கூறுதல் இலவசமாகவே இருக்கட்டும். படம் கீறுதலும், பொருள் பொருளாக அளந்து பட்டியலிடுதலும் வேறு வேலை. அவற்றிற்குக் கூலி உண்டு. அக்கூலியை முதல் நாளிலேயே கூறி, எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆளுக்கு வேலை கிடைப்பின் அத்தொகையை முழுக் கணக்கிற் கழித்துவிடலாம். கூலி கொடுத்த வீட்டுக்காரர், அப்படத்தை வேறொருவரிடம் கொடுக்கலாமா என்பதையும் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஏனெனில் 1988 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்துப் படம் கீறியவருக்கே அதன் உரிமை உண்டு.

இவ்விடையை என் மாணவருக்குத் தொலைபேசியிற் கூறினேன். குசினிக் கதையையும் மறைக்காமற் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அந்த ஆள் இப்பவும் இங்கைதானே இருக்கிறார், மாஸ்ரர்?" என்று கேட்டார். இருக்கிறார். கோயிற் திருவிழாவிலே ஆண்டுதோறும் காண்கிறேன்; அவரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். இவ்வாண்டு சிரிப்போடு நிறுத்தாமல், அவர் எனக்காகச் செலவழித்த அந்த மாலைப்பொழுதுகளின் கணக்கைத் தீர்த்துவிடத் தீர்மானித்திருக்கிறேன்.