போர்க்கால நூல் உளவு (அமெரிக்கா, 1941–1946)

இரண்டாம் உலகப் போரின்போது பகைநாடுகளில் அச்சான செய்தித்தாள், ஆய்விதழ், தொழில்நுட்பக் கையேடு ஆகியவற்றைத் திரட்டி, படைத்துறைக்கு வேண்டிய செய்திகளைப் பிரித்தெடுக்க அமெரிக்க அரசு நூலகர்களையும் பல்கலைக்கழக அறிஞர்களையும் அமர்த்தி நடத்திய பணி இப்பெயரால் குறிக்கப்படுகிறது. 1941 ஜூலையில் வில்லியம் டோனவன் தலைமையில் தொடங்கி, 1942 ஜூனில் ஓ.எஸ்.எஸ். எனப் பெயர் மாறிய உளவு அமைப்பு, காங்கிரஸ் நூலகத்தின் தலைவராயிருந்த கவிஞர் ஆர்ச்சிபால்டு மக்லீஷின் துணையோடு ஆய்வுப் பிரிவொன்றை நிறுவியது. ஹார்வர்டு வரலாற்றறிஞர் வில்லியம் லாங்கர் பின்னர் அதன் தலைவரானார்.

நூல்களைத் திரட்டுவதற்கென 1941 டிசம்பரில் தனிக்குழு ஏற்பட்டபோது, ஹார்வர்டு நூலகர் பிரெடரிக் கில்கோர் அதன் செயலாளராகப் பொறுப்பேற்றார். எந்தத் தரப்பையும் சாராத நடுநிலை நாட்டு நகரங்களான லிஸ்பனிலும் ஸ்டாக்ஹோமிலும் ஜெர்மன் வெளியீடுகள் கிடைத்தமையால், முகவர்கள் அவற்றைப் பெற்று, பக்கங்களைச் சிறிய படச்சுருளில் பதிக்கும் நுண்படமாக்கி அனுப்பினர். ஸ்டாக்ஹோமில் இப்பணியை நடத்திய அடேல் கீப்ரே இடைக்காலச் சுவடிகளைக் கற்றவர்; வாத்திகன் நூலகத்தில் சுவடிகளைப் படமெடுத்த பயிற்சி அவருக்குப் போர்க்காலத்தில் கைகொடுத்தது. யேல் பல்கலைக்கழக ஆசிரியர் ஜோசப் கர்ட்டிஸ் மட்டும் நூலகத்துக்கு நூல் வாங்குபவர் என்ற போர்வையில் இஸ்தான்புல்லில் மெய்யான ஒற்றராகவே இயங்கினார்.

கடையில் விற்கும் தாளில் மறைபொருள் இருக்குமா என்ற ஐயத்துக்கு, எண்ணெய்த் துறை வல்லுநர் வால்டர் லெவியின் ஆய்வு விடையளித்தது. எண்ணெய்ப் பொருள்களுக்கான ஜெர்மன் ரயில்வே சரக்குக் கட்டணப் பட்டியல்களைக் கூர்ந்து படித்தே, சுத்திகரிப்பு ஆலைகள் எங்குள்ளன என அவர் உய்த்துணர்ந்தார். எனினும் நுண்படச் சுருள்கள் வந்து குவிந்தபின் நேர்ந்த இடர்ப்பாடு பஞ்சத்தாலன்று, மிகுதியால் விளைந்தது; எதில் எது உள்ளதெனக் காட்டும் பொருளடைவு இல்லையேல் அவை வெறும் படச்சுருளே. ஆகவே கில்கோரின் குழு கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடைவுபடுத்தியதே, ஒற்றர் வேடத்தினும் பெரிய பங்களிப்பெனக் கொள்ளத்தகும்.

ஆய்வுப் பிரிவில் நாஜி ஆட்சியிலிருந்து தப்பிவந்த பிரான்ஸ் நாய்மன், ஹெர்பர்ட் மார்க்யூசே முதலிய இடதுசாரி அறிஞர்களும் பணியாற்றினர். தென்கிழக்காசியப் போர்முனைக்கான கிளை இலங்கையின் கண்டியில் மானிடவியலாளர் கோரா டு பாய்ஸ் பொறுப்பில் இயங்கியது.

1945 அக்டோபர் 1 அன்று ஓ.எஸ்.எஸ். கலைக்கப்பட, ஆய்வுப் பிரிவு வெளியுறவுத் துறைக்கு மாறியது. லிஸ்பன் முகவர்களுள் ஒருவரான ரூபன் பைஸ், காங்கிரஸ் நூலகத்தின் ஐரோப்பியத் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று, தோற்ற ஜெர்மனியில் நூல்களைத் திரட்டினார். கில்கோர் 1967-இல் ஒகையோ மாநிலக் கல்லூரி நூலகங்களுக்கான கணினிப் பொது அட்டவணை நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே இன்று ஓ.சி.எல்.சி. எனப்படுகிறது.