கட்டடத்தையே தாங்கும் மணல், பக்கவாட்டில் ஆட்டினா ஏன் கைவிடுது?

1964 ஜூன் 16. ஜப்பானின் நீகாட்டா நகரில் 7.5 அளவில் நிலநடுக்கம். கவகிஷிச்சோ பகுதியில் அடுக்குமாடி குடியிருப்புகள் அப்படியே சாய்ந்தன. ஒரு கட்டடம் கிட்டத்தட்ட தரையில் படுத்தே விட்டது. ஆனா, கட்டடம் பெரிதாக நொறுங்கவில்லை. கோளாறு அடியில் இருந்த மணலில்!

அதுவரை எடையைத் தாங்கிய மணல் திடீர்னு ஏன் கைவிட்டது?

எல்லா பக்கமும் அழுத்தினா...

காற்றை உறிஞ்சி பேக் செய்த காபித்தூள் பாக்கெட் செங்கல் மாதிரி இருக்கும். ஓரத்தை வெட்டினா பொலபொலன்னு ஆகிடும். உள்ளே இருப்பது அதே தூள்தான். வெளிக்காற்று எல்லா பக்கமும் அழுத்தியதால் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. மண்ணுக்கு அடியில் உள்ள மணலுக்கும் பலம் இந்தப் பிடிதான். மேலே எடை அழுத்தும், சுற்றியுள்ள மண் பக்கவாட்டில் நகரவிடாது.

பக்கவாட்டில் தள்ளினா...

நெருக்கமான மணலில் ஒரு துகள் இன்னொன்றின் மேல் ஏறித்தான் நகர முடியும். அதனால் மணல் விரியும். ஈரக் கடற்கரையில் கால் வைத்ததும் பாதத்தைச் சுற்றி மணல் காய்ந்த மாதிரி வெளுக்கும் இல்லையா? விரிந்த இடைவெளிக்குள் தண்ணீர் இறங்குவதுதான் காரணம். 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதை விளக்கினார்.

தளர்வான மணல் நேர் எதிர். துகள்கள் இடைவெளிக்குள் சரிந்து, மணல் சுருங்கப் பார்க்கும்.

நீகாட்டாவில் நடந்தது என்ன?

அங்கே இருந்தது ஷினானோ ஆற்றையொட்டிய தளர்வான மணல், அதில் நிலத்தடி நீர் வேறு. நிலநடுக்கம் ஆட்டியதும் மணல் சுருங்கப் பார்த்தது. இடையில் இருந்த தண்ணீர் சில நொடிகளில் வெளியேற வழியில்லை. துகள்கள் சுமந்த எடை தண்ணீருக்கு மாற, துகள்களின் பிடி விட்டது. மணல் குழம்பு போல ஆனது. இதற்குப் பெயர் மண் திரவமாதல். 2001 குஜராத் நிலநடுக்கத்தில் கட்ச் பகுதியில் தரையிலிருந்து தண்ணீரும் மணலும் பீறிட்டதும் இதனால்தான்.

எப்படி கண்டுபிடிப்பது?

மண் பரிசோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 செ.மீ இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவார்கள். சில அடியிலேயே இறங்கினால் மணல் தளர்வு. அதில் தண்ணீரும் நிலநடுக்க வாய்ப்பும் சேர்ந்தால் ஆபத்து.

அதிர்வு கொடுத்து மணலை இறுக்குவது, ஜல்லித் தூண்கள் இறக்கி தண்ணீர் வெளியேற வழி செய்வது ஆகியவை தீர்வுகள். மணல் எவ்வளவு எடை தாங்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது, ஆட்டத்தையும் தாங்குமா என்று பார்க்கணும்.