அடிக்கடி ஃபாரின் போறவரா நீங்க? இமிகிரேஷன் வரிசையில் நிற்காமல் போக ஒரு பதிவு... யாருக்கு லாபம், யாருக்கு வீண் அலைச்சல்?

நள்ளிரவில் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். சிங்கப்பூரில் இருந்து ஒரு விமானம், துபாயில் இருந்து ஒன்று, கொழும்பில் இருந்து ஒன்று என அடுத்தடுத்து தரையிறங்க, இமிகிரேஷன் கவுன்ட்டர்கள் முன்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கைக்குழந்தையைத் தோளில் போட்டிருப்பவர், வெளியே காத்திருக்கும் டிரைவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர், எல்லாரும் அதே வரிசையில்தான்.

அதே நேரம், பக்கத்தில் இருக்கும் தானியங்கி கேட்டில் ஒருவர் பாஸ்போர்ட்டை வைக்கிறார், விரலை வைக்கிறார், கதவு திறக்கிறது, போய்விடுகிறார். அவர் விஐபி எல்லாம் இல்லை. முன்கூட்டியே பதிவு செய்து வைத்தவர், அவ்வளவுதான்.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் 'ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன் - ட்ரஸ்டட் டிராவலர் புரோகிராம்' என்பதுதான் அந்தப் பதிவு. சுருக்கமாக எஃப்டிஐ-டிடிபி. 2024 ஜூன் 22-ல் டெல்லி விமான நிலையத்தின் 3-வது முனையத்தில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத் சேர்ந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் வந்தன. ஆக மொத்தம் 13. இந்தப் பட்டியலில் மதுரையும் இல்லை, கோவையும் இல்லை. ஷார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ கோவையில் இருந்தே ஏறுகிறவர் இதில் பதிவு செய்தாலும், அந்த ஊர் விமான நிலையத்தில் வழக்கமான வரிசைதான்.

எவ்வளவு செலவு?

ஒரு ரூபாய் கூட இல்லை. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இணையதளத்தில் விவரங்களைக் கொடுத்து, புகைப்படம், பாஸ்போர்ட் பக்கங்கள், முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்ற வேண்டும். சரிபார்ப்பு முடிந்ததும் கைரேகையும் முகப்படமும் கொடுக்க அழைப்பு வரும். 'பதிவு செய்து தர்றோம், சர்வீஸ் சார்ஜ் மட்டும் கொடுங்க' என்று யாராவது சொன்னால், அந்தப் பணம் அரசுக்குப் போவதில்லை என்பது நினைவில் இருக்கட்டும். தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கைரேகை கொடுப்பதுதான் கொஞ்சம் அலைச்சலான வேலை. வெளிநாட்டினர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவுக்குப் போய்க் கொடுக்கலாம். சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. அல்லது திட்டம் நடைமுறையில் உள்ள விமான நிலையம் வழியாகப் பயணம் செய்யும்போதே அங்கு கொடுக்கலாம். திருநெல்வேலிக்காரர் இதற்காகத் தனியாக டிக்கெட் போட்டுச் சென்னை வரத் தேவையில்லை. அடுத்த பயணத்தின்போது கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால் போதும்.

இன்னொரு விஷயம். பதிவு அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும், அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. பாஸ்போர்ட்டில் இன்னும் 8 மாதம்தான் மீதி என்றால், இப்போது பதிவு செய்வது 8 மாதத்துக்காகச் செய்யும் வேலை. முதலில் புது பாஸ்போர்ட், பிறகு பதிவு. விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதும் விதி.

உண்மையில் எவ்வளவு நேரம் மிச்சம்?

கேட்டைக் கடக்க 30 விநாடி போதும் என்கிறது அரசு. வழக்கமான வரிசையில் ஒருவர் சராசரியாக 20 நிமிடம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 முறை போய் வருகிறவர், போகும்போதும் வரும்போதுமாக 8 முறை இந்திய இமிகிரேஷனைக் கடக்கிறார். ஆண்டுக்கு 160 நிமிடம். 5 ஆண்டில் 13 மணி நேரத்துக்கு மேல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலா போகிற குடும்பத்துக்கு இதே கணக்கைப் போட்டால், 5 ஆண்டில் ஒன்றரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. இமிகிரேஷன் மட்டும்தான் வேகமாகும். செக்-இன், பாதுகாப்புச் சோதனை, சுங்கம் எதுவும் மாறாது. முக்கியமாக, பெட்டி வரும் பெல்ட் இவருக்காக வேகமாக ஓடாது. அரை நிமிடத்தில் கேட்டைத் தாண்டிப் போய், இரண்டு பெரிய பெட்டிகளுக்காக அரை மணி நேரம் காத்திருந்தால், வரிசையில் நின்றவர்களும் அதற்குள் அங்கேயே வந்து சேர்ந்துவிடுவார்கள். கைப்பையோடு மட்டும் போய் வருகிற வேலைக்காரர்களுக்குத்தான் வரும்போது முழு லாபம். புறப்படும்போது கதை வேறு. செக்-இன் வரிசையிலேயே நேரம் போய், போர்டிங் அறிவிப்பு கேட்கும் நேரத்தில் இமிகிரேஷனுக்கு ஓடிவருகிறவருக்கு அந்த 20 நிமிடம்தான் விமானத்தைப் பிடிப்பதா, விடுவதா என்பதையே முடிவு செய்யும்.

குடும்பமாகப் போகிறவர்களும் யோசிக்க வேண்டும். பதிவு ஆளுக்குத் தனித்தனி. கணவர் மட்டும் பதிவு செய்திருந்தால், அவர் கேட்டைத் தாண்டிப் போய் மற்றவர்களுக்காக அந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இசிஆர் முத்திரை உள்ளவர்கள், அரசு அறிவித்துள்ள 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். ட்ரஸ்டட் டிராவலர் பதிவு அதற்கு மாற்று அல்ல. ஏஜென்ட் யாராவது இரண்டையும் குழப்பிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

டிஜி யாத்ரா இருக்கே, போதாதா?

போதாது. பெயர் கேட்டால் ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் வேறு. 2022 டிசம்பரில் உள்நாட்டுப் பயணிகளுக்காக வந்த டிஜி யாத்ரா, விமான நிலைய நுழைவையும் பாதுகாப்புச் சோதனைக்குள் போவதையும் எளிதாக்குவது. எஃப்டிஐ-டிடிபி வெளிநாட்டுப் பயணத்தின் இமிகிரேஷனுக்கு. டிஜி யாத்ராவில் முகத்தைப் பதிந்தவர் இதற்குத் தனியாகப் பதிய வேண்டும். கைரேகையை அரசிடம் கொடுப்பது பிடிக்காதவர்களுக்கு வழக்கமான கவுன்ட்டர் எப்போதும் இருக்கிறது. இது கட்டாயம் இல்லை.

போய் இறங்கும் நாட்டில்?

இந்தியப் பதிவு இந்திய விமான நிலையங்களுக்கு மட்டும். சிங்கப்பூர் போகிறவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளும் சாங்கி விமான நிலையத்தின் தானியங்கி பாதைகளை முன்பதிவு இல்லாமலே பயன்படுத்தலாம். வருகை அட்டையை மட்டும் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை.

அமெரிக்காதான் காசு கேட்கிறது. அங்குள்ள 'குளோபல் என்ட்ரி' திட்டத்தில் 2017 முதல் இந்தியக் குடிமக்களும் சேரலாம். கட்டணம் 120 டாலர், அதாவது 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணம் திரும்ப வராது. பின்னணி விசாரணை, நேர்காணல் எல்லாம் முடிந்து கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். இது விசா அல்ல, விசா தனி. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் லேப்டாப்பை வைத்துப் படுத்தாத 'டிஎஸ்ஏ ப்ரீசெக்' வசதியும் சேர்ந்தே வருவதால், அங்கே ஊர் ஊராகப் பறக்கும் ஐடி ஊழியருக்கு 120 டாலர் ஒன்றும் அதிகம் இல்லை. மகன் வீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போய் வரும் அப்பா, அம்மாவுக்கு அது தேவையே இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்களுக்கும் 'மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல்' என்ற இலவசச் செயலி இருக்கிறது. முதலில் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

குளோபல் என்ட்ரி கையில் இருப்பவர்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுங்க விதியோ விவசாயப் பொருள் விதியோ மீறினால் உறுப்பினர் தகுதியே ரத்தாகலாம். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகத் தடை இருக்கிறது. அம்மா பாசத்தோடு பொடி டப்பாவுக்கு நடுவே சுருட்டி வைத்த ஒரு கொத்து, சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால், அபராதத்தோடு 5 ஆண்டு வசதியும் போய்விடும்.

இங்கே பதிவு முடித்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று: இ-கேட்டில் பாஸ்போர்ட்டோடு போர்டிங் பாஸையும் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். விமானத்தை விட்டு இறங்கும்போது அதைச் சீட் பாக்கெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.